மருத்துவமனையில் கன்ட்ரோல் சார்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைகளின் தரப் பிரிவினர், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்சுகள், ஆடிட் மீட்டிங்கில் உட்காரும் டாக்டர்கள் ஆகியோருக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பவை. அதனால் புதிதாக வருபவர்கள் முதலிலிருந்து படிப்பது நல்லது.

1. கன்ட்ரோல் சார்ட்னா என்ன மேடம்? மாசா மாசம் நாங்க போடற பார் சார்ட்டும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. கன்ட்ரோல் சார்ட்டில் புள்ளிகள் கால வரிசையில் இருக்கும். நடுவில் சராசரிக் கோடு, மேலே ஒரு எல்லைக் கோடு, கீழே ஒரு எல்லைக் கோடு. அந்த எல்லைகளை நிர்வாகம் வைத்த இலக்கிலிருந்தோ, வேறு மருத்துவமனையின் எண்ணிலிருந்தோ எடுப்பதில்லை. உங்கள் வார்டின் பழைய எண்களிலிருந்தே கணக்கிடுகிறோம். "இந்த வார்டு எப்போதும் போல நடந்தால் எண்கள் இந்த அளவுக்குள்தான் ஏறி இறங்கும்" என்பதே அவை சொல்லும் செய்தி.

1924 மே மாதம் அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்பவர் ஒரு சிறு குறிப்பில் இதை முதலில் வரைந்து காட்டினார். எந்த வேலையிலும் இரண்டு வகை ஏற்ற இறக்கம் உண்டு என்றார். ஒன்று, அந்த வேலை நடக்கும் முறையிலேயே ஊறியது, தினமும் இருப்பது. இன்னொன்று, புதிதாக ஏதோ நடந்ததால் வருவது. தொழிற்சாலைக்காகச் செய்த இந்தப் பிரிவினை ஐசியுவுக்கும் பிரசவ வார்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

2. போன மாசம் 6 பேருக்கு தையல்ல சீழ், இந்த மாசம் 12. டபுள் ஆயிடுச்சு. இதுக்கு மேல என்ன சார்ட் வேணும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 200 சிசேரியன், நெடுநாள் சராசரி 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சராசரி 8. எல்லையைக் கணக்கிட, 0.04-ஐயும் 0.96-ஐயும் பெருக்கி, 200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.0139. அதன் மூன்று மடங்கு 0.042. 4 சதவீதத்தோடு இதைக் கூட்டினால் மேல் எல்லை சுமார் 8.2 சதவீதம், அதாவது 16 பேர். கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, எனவே கீழ் எல்லை பூஜ்யம். ஆக எதுவுமே மாறாத வார்டில் 6-ம் வரும், 12-ம் வரும்.

இந்தக் கணக்கைப் போடாத இடங்களில் என்ன நடக்கிறது? 12 வந்த மாதம் தலைமைச் செவிலியருக்கு மெமோ போகிறது. அடுத்த மாதம் எண் தானாகவே 7-க்கு இறங்குகிறது. மெமோ வேலை செய்தது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். உயரமான ஒரு எண்ணுக்குப் பிறகு சராசரிப் பக்கம் திரும்பும் எண் வருவது இயல்பு, அதற்கு யாரும் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. ஒரு தவறும் செய்யாத நர்ஸ் திட்டு வாங்கினார் என்பதுதான் அங்கே நடந்தது. இது சின்ன விஷயம் இல்லை. அடுத்த முறை சீழ் பிடித்த கேஸை ரெஜிஸ்டரில் எழுத அவர் கை தயங்கும்.

அதே சமயம், சராசரி நிஜமாகவே 8-லிருந்து 11-க்கு ஏறிவிட்டால் எண்கள் 10, 12, 9, 13 என்று வரும். எதுவும் எல்லையைத் தாண்டாது, எந்த மாதமும் யாரும் பதறமாட்டார்கள். ஆனால் எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கும். தொடர்ந்து எட்டு புள்ளி ஒரே பக்கம் நின்றால் ஏதோ மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். போன மாதத்தோடு இந்த மாதத்தை மட்டும் ஒப்பிடுபவர் கண்ணில் இது படவே படாது.

3. அப்போ கோட்டுக்குள்ள இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. கோட்டுக்குள் இருக்கிறது என்றால் நிலையாக இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். நிலையாக மோசமாகவும் இருக்கலாம். வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் 1841 முதல் 1846 வரை சராசரியாகப் பத்தில் ஒரு தாய் இறந்துபோனார். மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற இரண்டாம் பிரிவில் அது 4 சதவீதத்துக்குள் இருந்தது. ஒரே கட்டிட வளாகம், ஒரே ஊர். முதல் பிரிவில் மாதத்துக்கு மாதம் எண் ஏறி இறங்கியதை வைத்து யாரைத் திட்டியிருந்தாலும் ஒரு பயனும் இருந்திருக்காது. காரணம் அந்தப் பிரிவு நடந்த முறையிலேயே இருந்தது. டாக்டர்களும் மாணவர்களும் பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள்.

1847 மே நடுவில் அங்கே டாக்டராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் சுமார் 2 சதவீதம், ஜூலையில் சுமார் 1 சதவீதம். அவர் அட்டவணைகளாகத்தான் வெளியிட்டார். அதே எண்களை இன்று வரைபடமாகப் போட்டால் மே மாதத்தில் புள்ளிகள் ஒரே படியாகக் கீழே இறங்கி அங்கேயே நிற்பதைக் காணலாம்.

எனவே இரண்டு வேலைகளைக் குழப்பக் கூடாது. எல்லையைத் தாண்டிய புள்ளி வந்தால் அந்தச் சமயத்தில் என்ன நடந்தது என்று தேட வேண்டும். எல்லாம் எல்லைக்குள் இருந்தும் சராசரியே ஏற்க முடியாததாக இருந்தால் ஒரு மாதத்தை நோண்டுவதில் பயனில்லை, வேலை நடக்கும் முறையை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு நிஜமாகவே குறைந்ததா என்பதை அதே சார்ட் காட்டும்.

4. எத்தனை மாச டேட்டா இருந்தா ஆரம்பிக்கலாம்?

எல்லைகளை நம்பிக்கையோடு நிர்ணயிக்க 20 முதல் 25 புள்ளி வேண்டும். 12 இருந்தால் தற்காலிக எல்லை போட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் எல்லைக் கோடே இல்லாமல், நடுவில் மீடியன் (பாதிப் புள்ளிகள் மேலேயும் பாதி கீழேயும் வரும் நடு எண்) மட்டும் போட்டு ரன் சார்ட்டாக ஆரம்பியுங்கள். காத்திருக்க வேண்டாம். கேஸ்கள் அதிகம் வரும் இடமானால் மாதத்துக்குப் பதில் வாரக் கணக்கில் போடுங்கள், ஆறே மாதத்தில் போதுமான புள்ளிகள் சேர்ந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் புது எண்ணைச் சேர்த்து எல்லையைத் திரும்பக் கணக்கிடுவது பலரிடம் பார்க்கும் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். நிலைமை மெல்ல மோசமானால் எல்லையும் கூடவே நகர்ந்துபோய் அதை மறைத்துவிடும். நடைமுறை தெரிந்தே மாறி, புள்ளிகளும் புது இடத்தில் நிலைத்தால் மட்டும் அங்கிருந்து புது எல்லை போடுங்கள். என்ன மாறியது, எந்தத் தேதியில் என்பதைச் சார்ட்டிலேயே எழுதிவையுங்கள்.

5. மூணு சிக்மா எதுக்கு? ரெண்டு போட்டா சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே, உயிர் விஷயம் இல்லையா?

ஆதங்கம் நியாயம்தான். 2-ஆம் கேள்வியில் வர்க்கமூலம் எடுத்து வந்த 0.0139 தான் ஒரு சிக்மா; அதன் மூன்று மடங்கில் எல்லை போட்டோம். மூன்று சிக்மாவில், எதுவுமே மாறாதபோதும் சராசரியாக 370 புள்ளிக்கு ஒன்று பொய்யாக வெளியே விழும். இரண்டு சிக்மாவில் 22 புள்ளிக்கு ஒன்று. தொற்று, இறப்பு போன்ற பத்து குறியீடுகளை மாதம்தோறும் பார்த்தால் வருடத்துக்கு 120 புள்ளி. மூன்று சிக்மாவில் மூன்று வருடத்துக்கு ஒரு பொய் எச்சரிக்கை வரும், இரண்டில் வருடத்துக்கு ஐந்து ஆறு வரும். ஐசியுவில் மானிட்டர் ஓயாமல் கத்தினால் கடைசியில் யாரும் திரும்பிப் பார்க்காமல் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சின்ன, ஆனால் நீடிக்கும் மாற்றத்தைப் பிடிக்கத்தான் எட்டு புள்ளி விதி இருக்கிறது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1956-இல் வெளியிட்ட கையேட்டில் இப்படி இன்னும் சில விதிகள் உண்டு. மென்பொருள் கொடுக்கிறதே என்று எல்லா விதிகளையும் ஒன்றாக இயக்கினால் பொய் எச்சரிக்கை மறுபடி பெருகும். எல்லையைத் தாண்டிய புள்ளி, தொடர்ந்து எட்டு ஒரே பக்கம் என்ற இரண்டு மட்டுமே பெரும்பாலான வார்டுகளுக்குப் போதும் என்பது என் கருத்து.

6. எங்க யூனிட்ல வருஷத்துக்கு நாலஞ்சுதான் நடக்கும். சார்ட் முழுக்க பூஜ்யமா இருக்கு, என்ன பண்றது?

அரிதாக நடப்பதை மாதக் கணக்கில் எண்ணினால் அப்படித்தான் இருக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டு இடைவெளியை எண்ணுங்கள். ஒரு சம்பவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள், அல்லது எத்தனை கேஸ்? நாளைப் போட்டால் டி சார்ட், கேஸைப் போட்டால் ஜி சார்ட். இதில் புள்ளி மேலே போனால் நல்லது. படிப்பவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சராசரியாக 60 கேஸுக்கு ஒரு சம்பவம் என்றால் ஜி சார்ட்டின் மேல் எல்லை சுமார் 240-இல் விழும். அதைத் தாண்டி ஒரு இடைவெளி வந்தால் முன்னேற்றம் நிஜம் என்று நம்பத் தொடங்கலாம். மோசமாவதைக் காட்ட இதில் பயனுள்ள கீழ் எல்லை கிடையாது. அதற்கு 9-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

"நூறு ஆபரேஷன், ஒரு சாவு கூட இல்லை" என்று சொல்பவர்களுக்கு ஓர் எளிய விதி. பூஜ்யம் வந்தால் 3-ஐ மொத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 100 ஆபரேஷனில் பூஜ்யம் என்றால் உண்மையான இறப்பு விகிதம் 3 சதவீதம் வரைக்கும் இருக்க வாய்ப்புண்டு.

தாய் இறப்பு போன்றவற்றில் சார்ட் எதைச் சொன்னாலும் ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக ஆராய வேண்டும். இந்தியாவில் அரசின் வழிகாட்டுதலும் அதுவே. "எல்லைக்குள் இருக்கிறது" என்று ஒரு தாயின் மரணத்தைக் கடந்துபோக எந்தச் சார்ட்டும் அனுமதி தரவில்லை.

7. பி சார்ட், யு சார்ட், சி சார்ட்... எதைப் போடறதுன்னே தெரியல.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஆம் அல்லது இல்லை என்ற பதில் இருந்தால் பி சார்ட். சீழ் பிடித்ததா, இறந்தாரா என்பது போல. சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் போட்டு வைக்கும் குழாய்) தொற்று மாதிரி, லைன் போட்டிருந்த 1000 நாளுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் யு சார்ட். வகுக்கும் அந்த நாட்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாத இடத்தில், வெறும் எண்ணிக்கையை மட்டும் போடும் சி சார்ட். காத்திருக்கும் நேரம், டிஸ்சார்ஜ் ஆகும் நேரம் போன்ற அளவுகளுக்கு ஒற்றை மதிப்புச் சார்ட், அதாவது ஐ சார்ட். எக்செல் போதும். ஆர் மென்பொருள் தெரிந்தவர்கள் இருந்தால் கியூஐசார்ட்ஸ்2 என்ற இலவசத் தொகுப்பு நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மாதம் ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனையில் பி சார்ட்டின் எல்லைகள் மிகவும் ஒட்டி வந்து, பாதிப் புள்ளிகள் வெளியே விழும். மருத்துவமனையே தறிகெட்டுப் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டேவிட் லேனி 2002-இல் இதற்கு ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறார். நல்ல மென்பொருள்களில் அது இருக்கும்.

8. எங்ககிட்ட வர்றது எல்லாம் கடைசி நேரத்துல ரெஃபர் பண்ணின கேஸ். எங்க சாவுக் கணக்கை வச்சு எங்களை எப்படி எடை போடலாம்?

போடக் கூடாது, நோயாளிகளின் ஆபத்தைக் கணக்கில் எடுக்காமல் போடக் கூடாது. அதற்கு இதய அறுவைக்கு 1999-இல் வந்த யூரோஸ்கோர், ஐசியுவுக்கு 1985-இல் வந்த அப்பாச்சி 2 போன்ற மதிப்பெண் முறைகள் உண்டு. வயது, சிறுநீரகச் செயல்பாடு, அவசரக் கேஸா இல்லையா போன்றவற்றைக் கொண்டு "இந்த நோயாளி இறக்கும் வாய்ப்பு இவ்வளவு" என்று முன்கூட்டியே ஓர் எண் தருகிறார்கள்.

அதை வைத்து, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஏறி இறங்கும் ஒரு கோடாக வரைவது விலாட் (VLAD). 10 சதவீத ஆபத்துள்ளவர் பிழைத்தால் கோடு 0.10 ஏறும், இறந்தால் 0.90 இறங்கும். 60 சதவீத ஆபத்துள்ளவரைக் காப்பாற்றினால் 0.60 ஏறும், அவர் இறந்தால் 0.40 மட்டுமே இறங்கும். கடினமான கேஸ் எடுக்கும் யூனிட்டுக்கு இது நியாயம் செய்கிறது. டாக்டர்களுக்கும் பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நோயாளிகள் இறந்தது தொடர்பான பண்டாபெர்க் மருத்துவமனை விவகாரம் 2005-இல் விசாரணைக்கு வந்த பிறகு, அந்த மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளில் விலாட் கொண்டுவரப்பட்டது.

ஆனால் மதிப்பெண்ணுக்கும் வயதாகும். சிகிச்சை முன்னேற முன்னேறப் பழைய யூரோஸ்கோர் ஆபத்தை மிகைப்படுத்திக் காட்டத் தொடங்கியது. அதை நம்பிப் போட்ட விலாட் எல்லோருக்கும் மேலே மேலே போனது, சுமாரான யூனிட்டும் சிறப்பானது போலத் தெரிந்தது. 2012-இல் யூரோஸ்கோர் 2 வெளிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய நோயாளிகளை வைத்துச் செய்த மதிப்பெண்ணை நம் ஊரில் எடுத்தாளும் முன், அது சொல்லும் எண்ணும் இங்கே நடப்பதும் மொத்தத்தில் ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

9. மாசம் முடியற வரைக்கும் காத்திருக்கணுமா? நடுவுலயே தெரியற மாதிரி ஏதாவது இருக்கா?

இருக்கிறது, கியூசம். 1954-இல் இ. எஸ். பேஜ் கொடுத்த முறை. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கணக்கு நகரும். 2-ஆம் கேள்வியில் வந்த வார்டையே எடுத்துக்கொள்வோம். 4 சதவீதம் இயல்பு, 8 சதவீதத்துக்குப் போனால் உடனே தெரிய வேண்டும். சீழ் பிடித்த ஒவ்வொரு கேஸுக்கும் 0.69 கூட்டு, நல்லபடியாக ஆறிய ஒவ்வொன்றுக்கும் 0.043 கழி, பூஜ்யத்துக்குக் கீழே மட்டும் விடாதே. ஒரு தொற்றை ஈடுகட்ட சுமார் 16 நல்ல கேஸ் வேண்டும். தொற்றுகள் நெருங்கி நெருங்கி வந்தால் கோடு சடசடவென ஏறி எச்சரிக்கை மட்டத்தைத் தொடும். பொய் எச்சரிக்கை எத்தனை கேஸுக்கு ஒருமுறை வந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொண்டு அந்த மட்டத்தை வைக்க வேண்டும். 2000-இல் ஸ்டெய்னரும் அவருடன் பணியாற்றியவர்களும், 8-ஆம் கேள்வியில் சொன்னது போல ஒவ்வொரு நோயாளியின் ஆபத்துக்கும் ஏற்ப இந்தக் கூட்டல் கழித்தலை மாற்றும் வழியைக் காட்டினார்கள்.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஒருவர் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் மார்க் டி லெவால். பிறந்த குழந்தைகளுக்கு இடம் மாறிப் பொருந்திய பெருங்குழாய்களைச் சரிசெய்யும் இதய அறுவையில் தம் 104 கேஸ்களை வரிசையாக எடுத்து 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொடக்கத்தில் மிக நல்ல முடிவுகள், நடுவில் இறப்புகள் கொத்தாக வந்தன. அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் வேறொரு மையத்துக்குப் போய்த் தம் முறையைச் சரிபார்த்துக்கொண்டார். அதன்பின் முடிவுகள் பழைய நிலைக்குத் திரும்பின. இறப்பை மட்டும் எண்ணாமல், நூலிழையில் தப்பிய கேஸ்களையும் சேர்த்து எண்ணினால் எச்சரிக்கை இன்னும் முன்பே வந்திருக்கும் என்பதையும் அந்தக் கட்டுரை காட்டியது. இறப்பு குறைவாக உள்ள யூனிட்டுகள் இதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

10. மாவட்டத்துல இருக்கிற எல்லா ஆஸ்பத்திரிக்கும் ரேங்க் போட்டு அனுப்பறாங்க. நாங்க கடைசி. இது சரியா?

ரேங்க் பட்டியலில் உச்சியிலும் அடியிலும் பெரும்பாலும் சின்ன மருத்துவமனைகளே வரும், ஏனென்றால் குறைந்த கேஸில் சதவீதம் பலமாக ஆடும். ஃபனல் ப்ளாட் போடச் சொல்லிக் கேளுங்கள். குறுக்கே கேஸ் எண்ணிக்கை, நெடுக்கே சதவீதம். சராசரியைச் சுற்றியுள்ள எல்லைகள் சின்ன மருத்துவமனைக்கு அகலமாகவும் பெரியதற்கு நெருக்கமாகவும் வந்து புனல் வடிவம் எடுக்கும். சராசரி 4 சதவீதம் என்றால், 50 கேஸ் உள்ள இடத்தில் 5 பேருக்கு, அதாவது 10 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தாலும் எல்லைக்குள்தான். மேல் எல்லை அங்கே 12 சதவீதத்தைத் தாண்டுகிறது. 1000 கேஸ் உள்ள இடத்தில் 65 பேர், அதாவது 6.5 சதவீதம் என்றால் வெளியே. ரேங்க் பட்டியல் 50 கேஸ் உள்ள மருத்துவமனையைத்தான் கடைசியில் போட்டிருக்கும். டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005-இல் இதை விரிவாக எழுதினார்.

ஒப்பீடே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் குழந்தைகள் இதய அறுவைப் பிரிவு பற்றி இயன் கென்னடி தலைமையிலான விசாரணை 2001-இல் அறிக்கை தந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். எண்கள் அப்போதே இருந்தன, மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின் கவலையைச் சொல்லிக்கொண்டும் இருந்தார். அந்த எண்களைப் பார்த்துச் செயல்படுவது யார் பொறுப்பு என்பதுதான் தெளிவாக இல்லை. உங்கள் மருத்துவமனையில் சார்ட் போடத் தொடங்கும் முன் அந்தப் பொறுப்பு யாருடையது என்று பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.

11. சிக்னல் வந்துடுச்சு. முதல்ல அந்த டாக்டரைத்தானே கூப்பிட்டுக் கேக்கணும்?

அவர் கடைசி. முதலில் எண்ணைச் சரிபாருங்கள். ரெஜிஸ்டர் எழுதும் ஆள் மாறினாரா? தொற்று என்பதற்கான வரையறை மாறியதா? லேப் கல்ச்சர் அனுப்பும் பழக்கம் கூடியதா? இங்கேயே விடை கிடைத்துவிடும் சமயங்கள் ஏராளம். அடுத்து நோயாளிகள்: பக்கத்து மருத்துவமனை மூடியதால் கடினமான கேஸ்கள் வரத் தொடங்கினவா? அப்புறம் வசதிகள்: ஸ்டெரிலைசேஷன் கருவி பழுதா, இரவு டியூட்டியில் ஆள் குறைந்ததா, புது பிராண்டு தையல் நூலா? அதன் பின் சிகிச்சை முறை: ஆபரேஷனுக்கு முன் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாட்டிக் சரியான நேரத்தில் போகிறதா? இவ்வளவையும் பார்த்து விடை கிடைக்காதபோதுதான் தனி ஆள்.

12. டாக்டர் பேர் போட்டு வெளியிட்டா யாரும் ரிஸ்க் கேஸைத் தொடமாட்டாங்களே?

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நியூயார்க் மாநிலம் இதய பைபாஸ் அறுவையில் ஆபத்துக்கேற்பத் திருத்திய இறப்பு விகிதங்களைத் திரட்டியது. 1991-இல் ஒரு செய்தித்தாள் வழக்குப் போட்டு வென்றதால் அறுவை மருத்துவர்களின் பெயரோடு அவை வெளிவந்தன. அந்த ஆண்டுகளில் இறப்பு குறைந்தது. கடினமான நோயாளிகள் வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டார்களா என்ற விவாதமும் கூடவே எழுந்தது.

யூனிட் அளவில் வெளிப்படையாகவும், தனி மருத்துவர் அளவில் அவருக்கும் துறைத் தலைவருக்கும் மட்டும் தெரியும்படியும் தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். ஆபத்தைக் கணக்கில் எடுக்காத பெயர்ப் பட்டியலை உள்ளுக்குள்ளேகூடச் சுற்றில் விடாதீர்கள். அதனால் பாதிக்கப்படப் போவது, யாரும் எடுக்கத் துணியாத நோயாளி.

13. சார்ட்டை வச்சே ஒருத்தர் வேணும்னு தப்பு பண்றாரான்னு கண்டுபிடிக்க முடியுமா?

இங்கிலாந்தில் ஹரால்ட் ஷிப்மேன் என்ற குடும்ப மருத்துவர் தம் நோயாளிகள் 215 பேரைக் கொன்றதாக அரசு விசாரணை முடிவுக்கு வந்தது. அவருடைய நோயாளிகளின் இறப்புகளைப் பிற்பாடு கியூசம் வகை முறைகளில் போட்டுப் பார்த்தபோது, பிடிபடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கோடு எச்சரித்திருக்கும் என்று தெரிந்தது. எனவே கேள்வி எழுப்ப முடியும். ஆனால் ஆயிரக்கணக்கான மருத்துவர்களை ஒரே நேரத்தில் கண்காணித்தால் 5-ஆம் கேள்வியில் சொன்ன பொய் எச்சரிக்கைகள் நிறைய வரும். முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நல்ல மருத்துவருக்கும் இறப்பு அதிகமாகத்தான் இருக்கும்.

நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற நர்ஸுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அவருடைய டியூட்டி நேரத்தில் சம்பவங்கள் அதிகம் நடந்தன, அது தற்செயலாக நடக்க 34 கோடியில் ஒன்றுதான் வாய்ப்பு என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2003-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கணக்கே தவறு என்று புள்ளியியலாளர்கள் விடாமல் போராடினார்கள். சந்தேகம் வந்த பிறகு, அவர் டியூட்டியில் இருந்த நேரத்துச் சம்பவங்களைத் தேடித் தேடிச் சேர்த்திருந்தார்கள். கொலை என்று சொல்லப்பட்ட மரணங்கள் இயற்கையானவையாக இருக்கலாம் என்று மறுஆய்வில் தெரிந்து, 2010-இல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. எனவே சிக்னல் வந்தபின் டியூட்டி ரோஸ்டரை எடுத்து யார் பெயர் பொருந்துகிறது என்று பார்க்காதீர்கள். முதலில், அந்தக் காலத்து எல்லா இறப்புகளின் கேஸ் ஷீட்டையும், யார் டியூட்டியில் இருந்தார் என்று தெரியாத வெளி மருத்துவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எவை விளக்க முடியாதவை என்று அவர் குறித்துக் கொடுத்த பிறகுதான் ரோஸ்டரைத் திறக்க வேண்டும்.